கைப்பேசியின் ஆயுளும் சங்கத்தின் கடமையும்

தறி வாங்கும் நெசவாளர் அதன் விலையை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்புவதில்லை. அச்சும் விழுதும் பழுதுபட்டால் எங்கே கிடைக்கும், செப்பனிடும் தச்சர் யார், அழைத்தால் எத்தனை நாளில் வருவார் என்பவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். பம்புசெட் வாங்கும் விவசாயியும் அவ்வாறே. காயில் கட்டித் தருபவர் அருகில் இல்லாத மோட்டாரை விலை மலிவு என்பதற்காக மட்டும் அவர் வாங்கமாட்டார். இத்தகைய முன்யோசனை உடைய நம் அங்கத்தினர்கள் கைப்பேசி வாங்கும்போது மட்டும் அதன் நிறத்தையும் படம் பிடிக்கும் திறனையும் பார்த்து நிறைவடைந்துவிடுகின்றனர். அதனுள் இயங்கும் மென்பொருளை யார் பராமரிப்பார், எத்தனை ஆண்டுக்குப் பராமரிப்பார் என்ற கேள்வி எழுவதேயில்லை.

கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது. கருவியில் உடைசல் இல்லை. மின்கலம் நன்றாக இருக்கிறது. குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆயினும் பாதி வேலைக்கு அது உதவாமற் போய்விட்டது என்று முறையிடுவோரைத் தாமிரபரணிக் கரையூர்களில் சாதாரணமாகக் காணலாம். உடல் நலமாக இருக்கும்போதே ஒரு கருவி ஏன் முதுமை எய்துகிறது? அதன் ஆயுளை நீட்டிக்க வழி உண்டா? இதில் கூட்டுறவுச் சங்கத்துக்கு என்ன பொறுப்பு? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜியோபோனின் கதை

நம் அங்கத்தினர் நன்கு அறிந்த ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குவோம். 2017-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் ரிலையன்ஸ் நிறுவனத்தின் பொதுக்கூட்டத்தில் ஜியோபோன் அறிவிக்கப்பட்டது. ரூ. 1,500 காப்புத் தொகை செலுத்தினால் போதும். மூன்று ஆண்டு கழித்து அத்தொகை திருப்பித் தரப்படும் என்று கூறப்பட்டது. 2.4 அங்குலத் திரை, எண்களை அழுத்தும் பொத்தான்கள், கையடக்கமான உருவம்; இவற்றோடு 4ஜி இணையமும் அதில் கிடைத்தது. 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப் செயலியும் அதில் வந்து சேர்ந்தது. தொடுதிரையைக் கண்டு தயங்கிய முதியோரும், பத்தாயிரம் ரூபாய் கொடுத்துக் கைப்பேசி வாங்க இயலாதோரும் அதனை விரும்பி ஏற்றனர். நாடெங்கும் 10 கோடிப் பேர் அதனைப் பெற்றதாக அந்நிறுவனம் கூறியது.

இக்கருவியில் இருந்தது பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ள ஆண்ட்ராய்டு அன்று. காய் ஓ.எஸ். என்னும் மாற்று இயங்குதளமே அதனை இயக்கியது. அதன் வரலாறு கவனிக்கத்தக்கது. இணைய உலாவியான பயர்பாக்ஸை உருவாக்கிய மொசில்லா அமைப்பு, விலை குறைந்த கைப்பேசிகளுக்கென்று பயர்பாக்ஸ் ஓ.எஸ். என்ற இயங்குதளத்தை அமைத்தது. 2013-இல் அது சந்தைக்கு வந்தது. இந்தியாவில் 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் ரூ. 1,999 விலையில் அத்தகைய கைப்பேசியை விற்றது. ஆனால் 2015 டிசம்பரிலேயே இனிக் கைப்பேசிகளுக்காக இப்பணியைத் தொடர்வதில்லை என மொசில்லா அறிவித்துவிட்டது. வாங்கியவர் கையில் கருவி இருந்தது. அதனைப் பேணுவார் இல்லாமற் போயினர்.

எனினும் மொசில்லாவின் மூலநிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க பொதுச்சொத்தாக இருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு வேறொரு நிறுவனம் வளர்த்ததே காய் ஓ.எஸ். ஆகும். கைவிடப்பட்ட விதைநெல்லை வேறொருவர் எடுத்துப் பயிரிட்டதற்கு இதனை ஒப்பிடலாம். 2018-இல் கூகுள் நிறுவனம் இதில் 2 கோடியே 20 லட்சம் டாலர் முதலீடு செய்தது. இவ்வளவு பெரிய ஆதரவும், கோடிக்கணக்கான பயனாளிகளும் இருந்தும் முடிவு என்ன? 2024 ஜூன் மாத இறுதியில் காய் ஓ.எஸ். கருவிகளில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கிக்கொள்ளும் வழி அடைக்கப்பட்டது. 2025-இன் தொடக்கத்தோடு, முன்னரே அதனை வைத்திருந்தவர்களுக்கும் ஆதரவு நின்றது.

நின்றுபோன தறி

இதனை நகரத்தாரின் பொழுதுபோக்கிற்கு நேர்ந்த இடையூறு என்று எண்ணிவிடக் கூடாது. நெசவாளர் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தபோது முதிய அங்கத்தினர் ஒருவர் தம் தறி ஐந்து நாட்களாகப் பாவின்றி நிற்பதாகக் கூறினார். பாவு வந்த நாளையும் கூலிப் பட்டுவாடா நாளையும் அச்சங்கம் வாட்ஸ்அப் குழு ஒன்றில் மட்டுமே அறிவித்து வந்தது. பெரியவரின் பொத்தான் கைப்பேசியில் செய்தி வருவது நின்றுவிட்டது. சங்கத்தில் எவரும் அவரை வேண்டுமென்று விலக்கவில்லை. செய்தி அனுப்பியவருக்கு அது போய்ச் சேரவில்லை என்பதே தெரியாது. அதே நிலையில் வேறு சிலரும் இருந்தது விசாரித்த பின்னரே வெளிப்பட்டது.

பங்குத்தொகை செலுத்தி, வாக்குரிமை பெற்ற ஓர் அங்கத்தினர், கடல் கடந்த நாட்டில் இருக்கும் ஒரு நிறுவனம் எடுத்த முடிவினால் தம் சொந்தச் சங்கத்தின் செய்தியிலிருந்து விலக்கப்பட்டார் என்பதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். சங்கத்தின் செய்தி எந்த வழியாகச் செல்கிறதோ அந்த வழியின் சாவி யார் கையில் இருக்கிறது என்பது நிர்வாகக் குழுவினர் அறிந்திருக்க வேண்டிய விஷயம்.

கடைமடையும் தலைமடையும்

மென்பொருள் ஏன் கெடுகிறது? இரும்பு துருப்பிடிப்பதுபோலவோ, மரம் உளுத்துப்போவதுபோலவோ அது கெடுவதில்லை. எழுதியவாறே அது இருக்கிறது. சுற்றியுள்ள உலகம் மாறிவிடுவதனால்தான் அது பயனற்றதாகிறது.

நம் பள்ளத்தாக்கின் பாசனத்தைக் கொண்டு இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அணையில் தேங்கும் நீர் கால்வாயில் இறங்கி, மடை வழியாக வயலை அடைகிறது. வயலுக்குரியவர் தம் வரப்பை எவ்வளவு நன்றாக வைத்திருப்பினும், தலைமடை அடைபட்டாலோ இடையில் கால்வாய் தூர்ந்துபோனாலோ அவருக்குத் தண்ணீர் வராது. கைப்பேசியும் இவ்வாறு பல அடுக்குகளை உடையது. அடியில் இருப்பது சில்லு. அதற்குரிய இயக்கு நிரல்களைச் சில்லு செய்த நிறுவனமே எழுதித் தரவேண்டும். அதன்மேல் இயங்குதளம். அதன்மேல் வங்கிக்கும் செய்திக்கும் உரிய செயலிகள். இவற்றுக்கு அப்பால், தொலைவில் எங்கோ இருந்து அச்செயலிகளுக்கு விடை தரும் வழங்கிக் கணினிகள். இந்நான்கில் எந்த ஓர் அடுக்கைப் பேணுபவர் கைவிட்டாலும் கடைமடையில் இருப்பவருக்கு நீர் நின்றுவிடும்.

ஜியோபோனில் நேர்ந்தது மேலிரண்டு அடுக்குகளின் அடைப்பு. ஒவ்வோர் இயங்குதளத்திற்கும் செயலியைத் தனித்தனியே எழுதிச் சோதிக்க வேண்டும். ஜியோபோனில் உள்ள காய் ஓ.எஸ். பதிப்பு, 2016-ஆம் ஆண்டின் பயர்பாக்ஸ் நிரலை அடிப்படையாகக் கொண்டது. கருவியின் நினைவகமோ சிறியது. புதிய வசதிகளை அதற்குள் பொருத்துவது செலவு மிகுந்த வேலை. வருவாய் தராத வேலையை நிறுவனங்கள் நெடுநாள் செய்வதில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருப்போரும் இதற்கு விலக்கல்லர். 2025 ஜனவரி முதல், 2013-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் வாட்ஸ்அப் இயங்குவது நின்றது.

செயலி நின்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் உண்டு. மென்பொருளில் அவ்வப்போது ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. பராமரிப்பு உள்ளவரை அவை அடைக்கப்படும். பராமரிப்பு நின்றபின் அவை திறந்தே கிடக்கும். திருடருக்கு மட்டும் வழி தெரியும். பழைய கருவியில் பேசுவதனால் கேடில்லை. அதில் வங்கிக் கணக்கை இயக்குவதே அஞ்சத்தக்கது.

தன்னார்வலரின் கைங்கரியம்

நிறுவனம் கைவிட்ட கருவியை வேறு யாரேனும் பேண இயலாதா? இயலும் என்பதற்கு இந்தியச் சந்தையே சான்று. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலும் பொதுவில் வெளியிடப்படுவதே. அதனை எடுத்துத் திருத்தி, சயனோஜென்மாட் என்னும் மாற்று இயங்குதளத்தை ஸ்டீவ் கோண்டிக் என்பவர் 2009-இல் தொடங்கினார். தன்னார்வலர் பலர் அவருடன் சேர்ந்தனர். 2013-இல் இம்முயற்சியை ஒட்டி ஒரு வணிக நிறுவனம் எழுந்தது. 2014 டிசம்பரில் ஒன்பிளஸ் ஒன் என்ற கைப்பேசி இந்த இயங்குதளத்துடன் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதே மாதத்தில் மைக்ரோமேக்ஸைச் சார்ந்த யூ நிறுவனம் யுரேகா என்னும் கைப்பேசியை ரூ. 8,999 விலையில் அறிவித்தது. இந்தியாவில் இவ்வியங்குதளத்தைப் பயன்படுத்தும் தனியுரிமை யாருக்கு என்பது பற்றிய வழக்கு தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது.

உரிமைக்காக இவ்வளவு போட்டி நடந்த அப்பொருளின் ஆயுள் எவ்வளவு? சரியாக இரண்டே ஆண்டு. 2016 டிசம்பர் 31-ஆம் நாளோடு சயனோஜென் நிறுவனம் தன் சேவைகளை நிறுத்திக்கொண்டது. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. நிரல் பொதுவில் இருந்தமையால், தன்னார்வலர்கள் அதே டிசம்பரில் லினேஜ் ஓ.எஸ். என்ற புதுப் பெயரில் பணியைத் தொடர்ந்தனர். 2014-ஆம் ஆண்டின் ஒன்பிளஸ் ஒன் கருவிக்கு, விற்றவரின் பராமரிப்பு நின்று பல ஆண்டு கழித்து 2020-லும் புதிய பதிப்பு கிடைத்தது. இவ்வாறே உபுண்டு என்னும் கணினி இயங்குதளத்தை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம், தன் கைப்பேசி முயற்சியை 2017 ஏப்ரலில் கைவிட்டபோது யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் அமைப்பு அதனை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ். என்ற முயற்சி, ஒரு கைப்பேசி பத்தாண்டு உழைக்க வேண்டும் என்ற குறிக்கோளுடன் தோன்றியது.

கூட்டுறவாளராகிய நமக்கு இச்செய்தியில் ஒரு பெருமிதம் தோன்றுவது இயல்பு. ஊரார் கூடிக் கால்வாயைத் தூர்வாரிய குடிமராமத்தை இது நினைவூட்டுகிறது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. குடிமராமத்தில் ஒவ்வோர் ஆயக்கட்டுதாரரும் இத்தனை ஆள் அனுப்ப வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. தன்னார்வலருக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. லினேஜ் ஓ.எஸ். அமைப்பில் ஒவ்வொரு கைப்பேசி மாதிரிக்கும் ஒருவரோ சிலரோ பொறுப்பேற்கின்றனர். அவர் தம் பழைய கைப்பேசியை மாற்றிவிட்டாலோ, ஓய்வு நேரம் குறைந்தாலோ அம்மாதிரி பட்டியலிலிருந்து நீங்கக்கூடும். அவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அவரை மட்டுமே நம்பியிருக்கவும் கூடாது.

இன்னும் இரு தடைகள் உண்டு. முதலாவது, சில்லின் இயக்கு நிரல்கள் பெரும்பாலும் பூட்டப்பட்டவை. ஓட்டை தெரிந்தாலும் தன்னார்வலரால் அதனை அடைக்க முடிவதில்லை. இரண்டாவது, மாற்று இயங்குதளம் ஏற்றிய கருவியை வங்கிச் செயலிகள் சில நம்ப மறுத்து இயங்காமல் நின்றுவிடுகின்றன. ஆகவே மாற்று இயங்குதளம் எல்லா நோய்க்கும் மருந்து என்று எண்ணுவது பிழை.

உறுதிமொழியின் மதிப்பு

நெதர்லாந்து நாட்டின் பேர்போன் நிறுவனம் வேறொரு வழியைக் காட்டியது. அது 2015 இறுதியில் வெளியிட்ட பேர்போன் 2 கைப்பேசிக்கு 2023 மார்ச் வரை, ஏழாண்டுக்கு மேலாகப் பராமரிப்பு அளித்தது. ஒன்பிளஸ் ஒன்னில் இருந்த அதே வகைச் சில்லுதான் அதிலும் இருந்தது. ஆண்ட்ராய்டு 6-க்குப் பிறகு சில்லு செய்தவர் உதவி தரவில்லை. ஆயினும் அச்சிறு நிறுவனம் தன் முயற்சியாலும் லினேஜ் ஓ.எஸ். பணியைத் துணைக்கொண்டும் ஆண்ட்ராய்டு 10 வரை கொண்டுவந்தது. வாங்கியவருக்கு வாக்குக் கொடுத்தோம் என்ற கடமையுணர்வு இருந்தால் எவ்வளவு செய்ய இயலும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஐரோப்பிய ஒன்றியம் இக்கடமையைச் சட்டமாகவே ஆக்கியது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் கைப்பேசி மாதிரிக்கு, அதன் விற்பனை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டு இயங்குதளப் புதுப்பிப்புகள் தரப்பட வேண்டும். உதிரிப்பாகங்கள் ஏழாண்டு கிடைக்க வேண்டும். கூகுள் 2023-இலும் சாம்சங் 2024-இலும் தம் உயர்விலைக் கைப்பேசிகளுக்கு ஏழாண்டு ஆதரவை அறிவித்தன. நம் அங்கத்தினர் வாங்கும் மலிவு விலைக் கருவிகள் பலவற்றில் அக்காலம் மிகக் குறைவு. நம் நாட்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராயக் குழு அமைத்து, அவ்வாண்டு இறுதியில் அதற்கென இணையதளமும் தொடங்கியது. கருவிகளுக்குப் பழுதுபார்ப்புத் தகுதிக் குறியீடு வழங்குவது பற்றிய பரிந்துரை 2025-இல் அளிக்கப்பட்டது. இவ்விஷயத்தில் கூட்டுறவு அமைப்புகளும் தம் குரலைச் சேர்ப்பது பொருத்தமாகும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

முதலாவது, புதிய கைப்பேசி வாங்கும்போது, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்த ஆண்டு எந்த மாதம் வரை வரும் என்று கேளுங்கள். இந்தக் கெடு பெரும்பாலும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதன்று. அம்மாதிரி முதன்முதலில் சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவது. இரண்டாண்டுக்கு முன் வந்த மாதிரியைத் தள்ளுபடியில் வாங்குவோர் இரண்டாண்டு ஆயுளை இழந்தே வாங்குகின்றனர். விலையை மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்பது விளங்கும். ரூ. 8,000 கருவி இரண்டாண்டு பேணப்பட்டால் ஆண்டுக்கு ரூ. 4,000; ரூ. 15,000 கருவி ஆறாண்டு பேணப்பட்டால் ஆண்டுக்கு ரூ. 2,500 மட்டுமே.

இரண்டாவது, பழைய ஆண்ட்ராய்டு கருவிக்கு லினேஜ் ஓ.எஸ். ஏற்ற விரும்புவோர், தம் கருவியின் மாதிரி எண் அப்பட்டியலில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா, கடைசியாகப் புதுப்பித்த நாள் எது என்று பார்க்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தும் எண் வேறானால் கருவி பாழாகலாம். பூட்டைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் படங்களும் விவரங்களும் அழிந்துவிடும். முன்னதாக நகல் எடுத்துக்கொள்க. பண வரவுசெலவு நடக்கும் ஒரே கைப்பேசியில் இச்சோதனையைச் செய்ய வேண்டாம். பிள்ளைகளின் படிப்புக்கோ, விவசாயச் செய்தி கேட்பதற்கோ வேறாக வைத்துள்ள கருவிக்கு இது ஏற்றது.

மூன்றாவது, பொத்தான் கைப்பேசி வைத்திருப்போர் அதைக் குப்பையில் எறிய வேண்டியதில்லை. பேச்சும் குறுஞ்செய்தியும் அதில் தடையின்றி நடைபெறும். பணம் செலுத்த, ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 8-இல் தொடங்கிவைத்த யூ.பி.ஐ. 123பே என்ற முறை உண்டு. இணையமோ செயலியோ இல்லாமல், தொலைபேசி அழைப்பின் வழியாகவே அதில் பணம் அனுப்பலாம். முறையைத் தம் வங்கிக் கிளையில் நேரில் கேட்டறிவதே பாதுகாப்பானது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

சங்கத்தின் அறிவிப்புகளுக்கு வாட்ஸ்அப் கூடுதல் வசதியாக இருக்கலாம். ஒரே வழியாக இருத்தல் ஆகாது. அறிவிப்புப் பலகை, குறுஞ்செய்தி, தேவைப்படின் தொலைபேசி அழைப்பு என்ற மூன்றும் தொடர வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பகுதியை வெள்ளம் சூழ்ந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய நாளில் எந்த ஒற்றை வழியையும் நம்பியிருக்க முடியாது என்பதை நாம் அனுபவத்தில் அறிந்திருக்கிறோம்.

அங்கத்தினர் பதிவேட்டில் தொலைபேசி எண்ணுடன், அது எவ்வகைக் கருவி என்பதையும் குறித்துவைத்தல் நன்று. யாருக்கு எந்த வழியில் செய்தி சேரும் என்பதைக் காரியதரிசி ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கலாம். முன்னே கூறிய நெசவாளர் சங்கத்தில் இப்பட்டியலை எழுதி முடிக்க ஒரு பிற்பகலே பிடித்தது. அதன் பின்னர் பாவு வரும் நாளில் அப்பெரியவருக்குத் தொலைபேசி அழைப்பு செல்கிறது.

சங்கத்துக்கென்று கைப்பேசியோ கணினியோ வாங்கும்போது விலைப்புள்ளி கோரும் கடிதத்திலேயே, மென்பொருள் ஆதரவு முடியும் தேதியை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்க வேண்டும். அத்தேதியை இருப்புப் பதிவேட்டில் குறித்துவிட்டால் அடுத்த செலவுக்கு முன்கூட்டியே நிதி ஒதுக்கலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ரூ. 2,516 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்தது. கருவிகள் பெருகும் காலத்தில் இப்பழக்கம் மேலும் இன்றியமையாதது. முற்றிலும் பயனற்ற கருவிகளை அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆற்றங்கரையில் கொட்டுவதும் எரிப்பதும் நாம் குடிக்கும் நீருக்கே கேடு.

அன்பர்களே, எந்தக் கருவியும் என்றென்றும் உழைக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அதன் பராமரிப்புக்கு யார் பொறுப்பு, அப்பொறுப்பு எந்த நாள் வரை என்ற இரண்டையும் வாங்குமுன் அறிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை. அக்கருவி ஓய்ந்துபோன நாளிலும் தன் அங்கத்தினர் ஒருவருக்கேனும் செய்தி தவறாதபடி பார்த்துக்கொள்வது சங்கத்தின் கடமை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்த்து, அங்கத்தினர் பட்டியலை ஒருமுறை சரிபார்க்குமாறு எல்லாச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.